வாங்க சொல்லாத கதவு

தேவாரம்
9 ஜூன் 2024

அக்கா,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி விழுகிறது. பதில் வருவதில்லை. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. தபாலில் நீலக் குறி கிடையாது. நீ படித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அது இருவருக்கும் நல்லது.

விஷயம் இதுதான். அப்பாவின் இலவம்பஞ்சுக் குடோன் அவர் போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. அதை ஷட்டில் கோர்ட்டாக மாற்றப் போகிறேன். இரண்டு கோர்ட். மணிக்கணக்கில் வாடகை. பஞ்சு அடுக்குவதற்காக அப்பா முகட்டை நன்றாக உயர்த்திக் கட்டியிருக்கிறார். அந்த உயரம் ஆட்டத்துக்குப் போதும். ஆனி பிறந்தால் இங்கே காற்று எப்படி என்று உனக்குத் தெரியும். மைதானத்தில் அடித்த ஷட்டில் காக் அடுத்த ஊரில் போய் விழும். நாலு சுவர் உள்ள இடம் இந்தப் பக்கத்தில் வேறு இல்லை.

ஆள் வைக்கப் போவதில்லை. போனில் நேரத்தைப் பதிவு செய்தால் ஒரு எண் வரும். அதைக் கதவில் அழுத்தினால் கதவு திறக்கும். விளக்கு எரியும். மணி முடிந்ததும் விளக்கு அணையும். பேட், காக் இரண்டும் பெட்டியில் இருக்கும், அவர்களே எடுத்துக்கொள்ளலாம். யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

குடோனின் மின் இணைப்பு இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் வாரிசுகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்கிறார்கள். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். உன்னுடையது வேண்டும். தாள் உள்ளே இருக்கிறது.

அவரிடமும் கேட்டுவிட்டுப் போடு.

சுரேஷ்கண்ணன்


ஓசூர்
20 ஜூன் 2024

சுரேஷுக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீலக் குறி என்று வைத்துக்கொள்.

'அவரிடமும் கேட்டுவிட்டு' என்று எழுதியிருக்கிறாய். அவருக்குப் பெயர் இருக்கிறது. அஜய்குமார். போடியில் நாம் சின்ன வயதில் பென்சில் வாங்கிய கடை அவர்கள் வீட்டுக் கடைதான். வீட்டை மீறி நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் உனக்கு என்ன முறை என்பதும் உனக்குத் தெரியும். அந்த வார்த்தையை நீ ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எழுதினதும் இல்லை.

கேட்டேன். "உங்க அப்பா குடோன். என்னைய எதுக்குக் கேக்குற?" என்றார். பேப்பரைப் புரட்டிக்கொண்டே சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. வருத்தப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

இந்தக் கையெழுத்தை வைத்து வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே. அப்பாவின் பதினாறாம் நாளுக்கு நாங்கள் இரண்டு பேரும் வந்தோம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் நம் வாசலுக்கு வந்தது அன்றுதான். பந்தலுக்கு வெளியே நின்றோம். நீ பார்த்தாய். பார்த்துவிட்டு, கையில் இருந்த செம்பைப் பார்த்தாய். வாங்க என்று ஒரு வார்த்தை வரவில்லை. வெயிலில் நின்றுவிட்டு பஸ் ஏறினோம்.

அந்த ஒரு வார்த்தையை நீ எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும்வரை உன் வாசலை மிதிப்பதில்லை. வீடு, குடோன் எல்லாம் சேர்த்துத்தான்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஒரு தகவலாக எழுதுகிறேன்.

ஹேமாவதி


தேவாரம்
4 ஜூலை 2024

அக்கா,

கையெழுத்து வந்தது. நன்றி.

மற்றதைப் பற்றி. சாவு விழுந்த துட்டி வீட்டில் வாங்க என்று யாரையும் சொல்வதில்லை. போய்விட்டு வருகிறேன் என்று யாரும் சொல்வதும் இல்லை. வருகிறவர்கள் தாமாக வந்து உட்காருவார்கள், தாமாக எழுந்து போவார்கள். இது நான் உண்டாக்கிய வழக்கம் அல்ல. நீங்களும் தாமாக வந்து உட்கார்ந்திருக்கலாம். நான் வழக்கத்தை மீறவில்லை. அவ்வளவுதான்.

வேலை நடக்கிறது. தரையைச் சமப்படுத்தி மேட் விரித்தாகிவிட்டது. சுவருக்குப் பச்சை அடித்திருக்கிறது. முகட்டு இரும்புகளில் பழைய பஞ்சு ஒட்டியிருக்கிறது. ஆள் விட்டுக் கூட்டினோம், தண்ணீர் பீய்ச்சினோம். போகவில்லை. காற்று அடித்தால் ஒவ்வொரு இழையாக இறங்குகிறது. மெதுவாக. தரையைத் தொடுவதற்குள் நான் வேறு எதையாவது யோசிக்க ஆரம்பித்துவிடுகிறேன்.

ஆவணியில் திறக்கலாம் என்று இருக்கிறேன்.

சுரேஷ்


ஓசூர்
15 ஜூலை 2024

சுரேஷுக்கு,

நீ எழுதிய வழக்கம் எனக்கும் தெரியும். அஜய்க்கும் தெரியும். அதனால்தான் கொஞ்ச நேரம் நின்றோம். காரியம் முடியட்டும் என்று.

காரியம் முடிந்தது. மாமன்மார் உன் தலையில் உருமா கட்டினார்கள். நான் வெளியிலிருந்து பார்த்தேன். உருமா கட்டியதோடு துட்டி கழிந்தது. இலை போட ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் கம்பத்திலிருந்து பஞ்சு வியாபாரி சங்கரலிங்கம் வந்தார். எங்களுக்குப் பின்னால் வந்தார். நீ பந்தலின் அந்தக் கோடியிலிருந்து எங்கள் பக்கம் பார்த்து, "வாங்கண்ணாச்சி, வாங்க, இலையில உக்காருங்க" என்றாய். அவர் உள்ளே போக வழி வேண்டும் என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம்.

வழக்கம் பற்றி இவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

அம்மாவை இதில் சேர்க்கவில்லை. புருஷனை இழந்தவள், அன்று உள் அறையை விட்டு வரக் கூடாது. வாசலில் நிற்பவரை அழைக்க வேண்டியவன் அன்று நீ ஒருவன்தான். தலையில் உருமாவோடு நின்றாய். அது உனக்குப் பெரியதாக இருந்தது. காதை மூடியது.

நான் வேலை பார்க்கும் இடத்தில் உதிரி பாகங்களைச் சோதித்து, எது தேறாது என்று எழுதுவது என் பொறுப்பு. பழுதானதை எழுதும்போது காரணம் எழுதக் கூடாது. என்ன கண்டோமோ அதை மட்டும் எழுத வேண்டும். மேலே எழுதியதை அப்படி எடுத்துக்கொள்.

ஹேமா


தேவாரம்
22 செப்டம்பர் 2024

அக்கா,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதி இரண்டு முறை கிழித்தேன். இது வேறு கடிதம்.

கோர்ட் திறந்துவிட்டது. முதல் வாரமே பதிவுகள் வந்தன. ஆனால் கதவு திறக்கவில்லை. அதாவது, யாரும் திறக்கவில்லை. பணம் கட்டியிருக்கிறார்கள், எண் போயிருக்கிறது, விளக்கு மட்டும் எரியவில்லை. கருவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். பிறகு கேமராவில் பார்த்தேன். வருகிறார்கள். வண்டியை நிறுத்துகிறார்கள். தோளில் பேட்டு, கையில் போன், போனில் எண். கதவுக்கு முன்னால் நின்று, "யாருங்க உள்ள?" என்று கூப்பிடுகிறார்கள். சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்க்கிறார்கள். மறுபடி கூப்பிடுகிறார்கள். கிளம்பிவிடுகிறார்கள்.

உரக்கடை சுருளிராஜன் அண்ணனை டீக்கடையில் பிடித்தேன். அவர் கூட்டம்தான் காலை நேரம் பதிவு செய்திருந்தது.

"ஏலே, கோர்ட்டு நல்லாத்தான் போட்ருக்க. ஆனா அங்கன ஒரு மனுசன் இல்லையேடா" என்றார்.

"ஆள் வேணாம்ணே. நம்பர அமுக்குனா கதவு தொறந்துரும்."

"தொறக்கும்டா. தொறந்துட்டா? வாங்கன்னு ஒரு சொல்லு சொல்லாம எப்படிறா உள்ள போறது, களவாணிப் பய மாதிரி?"

"ஏடிஎம்முக்குள்ள மட்டும் போறீக?"

"அது பேங்க்காரன் எடம். இது உங்கய்யா ஒச்சாண்டி குடோனு. அவரு இருந்தவரைக்கும் ரோட்டுல போறவன் தலையக் கண்டாலே வாங்க வாங்கன்னு கத்துவாரு. பஞ்சு வாங்க வந்தவன், வழி கேக்க வந்தவன், எல்லாப் பயலையும். ஒருக்கா ரேசன் கார்டு கணக்கெடுக்க வந்தவன உக்கார வச்சுச் சோறு போட்டு அனுப்பிவிட்டாரு. நீ என்னடான்னா கதவ நிப்பாட்டிட்டு எங்கனயோ ஒளிஞ்சுக்கிட்ட."

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீக்குக் காசு அவரே கொடுத்தார்.

இதை உன்னிடம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடம் எழுதுவது என்றும் தெரியவில்லை. வங்கிக் கடன் இருக்கிறது. கார்த்திகைக்குள் கோர்ட் நிரம்பாவிட்டால் மேட்டைச் சுருட்ட வேண்டியதுதான்.

சுரேஷ்


ஓசூர்
3 அக்டோபர் 2024

சுரேஷுக்கு,

சிரித்தேன். அஜய்க்கும் படித்துக் காட்டினேன். உரக்கடைக்காரர் பேசியதை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

பிறகு சிரிப்பு நின்றது. நீ கட்டியிருப்பது உனக்கு வேண்டிய இடம். வருகிறவர் முகத்தை நீ பார்க்க வேண்டாம், உன் முகத்தை அவர் பார்க்க வேண்டாம், சொல்ல வேண்டியது எதையும் சொல்ல வேண்டாம். வாசலே உன்னைப் போல இருக்கிறது. வெளியே நின்று யாருங்க உள்ள என்று கூப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும். நான் அவர்களில் ஒருத்தி.

இதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உனக்கு வழி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆள் வைக்க மனமில்லை என்றால் கதவிலேயே ஒரு குரலை வை. இங்கே எங்கள் லிஃப்ட்டே பேசுகிறது. கதவு திறந்ததும் வாங்க என்று சொல்ல ஒரு ஸ்பீக்கர். பெரிய செலவு இல்லை.

நீ சொல்ல முடியாததைக் கதவு சொல்லட்டும்.

ஹேமா


தேவாரம்
27 அக்டோபர் 2024

அக்கா,

ஸ்பீக்கர் வைத்தேன்.

முதலில் கம்ப்யூட்டர் குரல். ஒரு பெண். 'வணக்கம். தங்கள் வருகைக்கு நன்றி' என்றாள். சுருளிராஜன் அண்ணன் கூட்டம் கதவில் நின்று கைகொட்டிச் சிரித்தது. "ரயிலு எத்தனையாவது பிளாட்பாரம்னு கேளுங்கப்பா" என்றார் ஒருவர். எடுத்துவிட்டேன்.

அம்மாவைக் கேட்டேன். போனை முகத்துக்கு நேரே பிடித்து, வாங்கன்னு மட்டும் சொல்லும்மா என்றேன். அவள் போனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "போடா, ஆளு மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்கு அது வரும். மெசினப் பாத்து எவ சொல்லுவா?" என்று சொல்லிவிட்டு முருங்கைக் கீரை உருவப் போய்விட்டாள்.

கடைசியில் என் குரல். மோட்டார் அறையில் உட்கார்ந்து பதிவு செய்தேன். யாருமே இல்லாத அறை. எதிரே சுவிட்ச் பெட்டி. அம்மாவுக்கு நேர்மாறாக, எனக்கு அப்போதுதான் வந்தது. அதுவும் உடனே வரவில்லை. முதலில் சொன்னதெல்லாம் யாரையோ விரட்டுவது போல இருந்தது. இப்போது இருப்பது இது:

'வாங்க. உள்ள வாங்க. செருப்ப வெளியவே விட்ருங்க. தண்ணி வலது பக்கம் இருக்கு.'

வருகிறார்கள். காலை நேரம் நிரம்பிவிட்டது. மாலையில் பள்ளிக்கூட வாத்தியார்கள், ஏலக்காய்த் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர். சிலர் ஸ்பீக்கருக்குப் பதில் சொல்கிறார்கள். "ஆகட்டும்ப்பா." "வந்துட்டோம் தம்பி." ஒருவர், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். இப்போதெல்லாம் மோட்டார் அறையில்தான் பகல் முழுவதும் இருக்கிறேன். கரண்ட் போனால் ஜெனரேட்டரைக் கையால்தான் போட வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகரத் தடுப்பு. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். ஆள் இல்லாத இடம் என்று போர்டு வைத்திருக்கிறேன். அதில் இருக்கிற ஒரே ஆள் நான்.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

சுரேஷ்


ஓசூர்
24 நவம்பர் 2024

சுரேஷுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'உனக்கும் சேர்த்துத்தான்' என்று இருந்தது. அப்போதே பதில் எழுதியிருப்பேன். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

போன வாரம் போடிக்கு வந்தோம். என் நாத்தனார் ஜெனிபருக்கு நிச்சயம். மறுநாள் மதியம் சும்மா இருந்தோம். மழை விட்டிருந்தது. உன் கோர்ட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாமா என்று அஜய்தான் கேட்டார். நான் என் தீர்மானத்தைச் சொன்னேன். "பணத்தக் கட்டிட்டுப் போறோம். சொந்தக்காரனாப் போனாத்தான வாங்க சொல்லணும்? கஸ்டமரா போவோம்" என்றார். அதில் நான் மறுக்க ஒன்றும் இல்லை. ஜெனிபர் பெயரில் ஒரு மணி நேரம் பதிவு செய்தோம்.

குடோனுக்குப் புதுக் கதவு. உருட்டுக் கம்பிக் கதவு போய் வழவழவென்று ஒன்று. அப்பா சுண்ணாம்பில் எழுதி வைத்திருந்த கணக்கு வெளிச்சுவரில் இன்னும் அழியாமல் இருக்கிறது. அதன் மேல் பச்சை அடிக்காமல் விட்டிருக்கிறாய். எண்ணை அழுத்தினேன். கதவு திறந்தது. விளக்கு வந்தது. குரல் வரவில்லை. நாங்கள் நின்றோம். எத்தனை நேரம் என்று சொல்ல முடியாது. ஒரு பஞ்சிழை முகட்டிலிருந்து கிளம்பித் தரையைத் தொடும் நேரம் என்று வைத்துக்கொள். பந்தலுக்கு வெளியே நின்ற அதே நிற்பு. அஜய் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, வைத்த காலை எடுத்துக்கொண்டார். போய்விடலாம் என்று நான் திரும்பினேன்.

அப்போது வந்தது. 'வாங்க' என்றது. நின்றது. பிறகு, 'உள்ள வாங்க.'

அவ்வளவுதான். செருப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. தண்ணீரைப் பற்றி இல்லை. குரலும் சரியில்லை, சளி பிடித்தவன் பேசுவது போல. பதிவு பாதியில் அறுந்துபோயிருக்கிறது. கவனி.

அஜய் செருப்பை வெளியே விட்டார். "வந்துட்டோம்ப்பா" என்றார். யாரிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "சொன்னவுகளுக்குத்தான்" என்றார். பிறகு ஆடினோம். அவருக்கு ஆடத் தெரியாது, எனக்கு மறந்துவிட்டது. காக் அடித்ததைவிடப் பஞ்சை அதிகமாக அடித்தோம். விளக்கு அணைந்தது. கிளம்பினோம்.

இப்போது நீ அடித்த வரிக்கு வருகிறேன். எல்லோருக்கும் சொல்வதில் எனக்கும் பங்கு என்றால், அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. அது பணம் கட்டிய யாருக்கும் கிடைக்கிற வார்த்தை. ஜெனிபருக்குக் கிடைத்தது. ஹேமாவதிக்கு இல்லை. நான் கேட்டது முகத்தைப் பார்த்துச் சொல்கிற ஒன்று. அது இன்னும் அப்படியே நிற்கிறது.

கோர்ட் நன்றாக இருக்கிறது. அதை எழுத மறந்துவிடக் கூடாது.

ஹேமா


தேவாரம்
1 டிசம்பர் 2024

அக்கா,

ஐப்பசி மழையில் வாசல் பக்கம் கூரை ஒழுகி ஸ்பீக்கர் நனைந்துவிட்டது. கழற்றித் தேனியில் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன். நீ வந்த அன்று கதவில் ஸ்பீக்கரே இல்லை. மேலே பார்த்திருந்தால் வயர் மட்டும் தொங்குவதைப் பார்த்திருப்பாய்.

வாடிக்கையாக வருகிறவர்களுக்குப் பழகிவிட்டது. குரல் இல்லாமலே உள்ளே போகிறார்கள். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அத்தனை நாளும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

தகரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதில் கண்ணை வைத்தால் கதவு நேரே தெரியும். முதலில் உன்னைப் பார்த்தேன். பிறகு அவர் காலை எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன். நீ திரும்பினாய்.

செருப்பு, தண்ணி எல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஸ்பீக்கர் தயாராகிவிட்டது என்று கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார். இன்னும் போய் வாங்கவில்லை.

மச்சானிடம் சொல். அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்டது.

சுரேஷ்